எட்டு வயது வாத்தியாரும் ட்ரெயினிங் சாரும்

ஆசிரியர் பயிற்சியின் தந்தை யார் என்று பி.எட். தேர்வில் கேட்டால் ஒரு ஜெர்மானியர் பெயரை எழுதலாம்; ஒரு சுவிட்சர்லாந்துக்காரர் பெயரையும் எழுதலாம். இரண்டுக்கும் மார்க் விழும். சரியான விடைக்கு மட்டும் மார்க் கிடையாது. அந்த விடை, எழும்பூர் அநாதை விடுதியில் வளர்ந்த எட்டு வயதுப் பையன் ஒருவன். பெயர் ஜான் ஃப்ரிஸ்கன்.

1789-இல், கும்பெனிப் பட்டாளத்து வெள்ளைக்காரர்கள் இந்த மண்ணில் விட்டுப்போன ஆண் பிள்ளைகளுக்காக எழும்பூரில் ஒரு விடுதி தொடங்கினார்கள். கண்காணிப்பாளராக வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். மனிதர் ஏற்கெனவே பல படைப்பிரிவுகளுக்கு ஒரே நேரத்தில் பாதிரியாராக இருந்து, ஒவ்வொன்றிலிருந்தும் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். விடுதி வேலைக்குச் சம்பளமே வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். அந்த நிலையில் யாருக்கும் பெருந்தன்மை வரும்.

ஒரு நாள் காலை குதிரையில் போகும்போது வழியில் ஒரு திண்ணைப் பள்ளியைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். சிலேட்டும் வேண்டாம், காகிதமும் வேண்டாம், செலவே இல்லை. ஸ்காட்லாந்துக்காரருக்கு இது பிடிக்காமல் போகுமா? விடுதிக்குத் திரும்பியதும், நம் பிள்ளைகளுக்கும் இப்படியே சொல்லிக்கொடுங்கள் என்று உதவி ஆசிரியர்களிடம் சொன்னார். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அதெல்லாம் நடக்காது என்று சாதித்தார்கள். மேலிடத்திலிருந்து எந்தப் புதுத் திட்டம் வந்தாலும் ஆசிரியர் அறையில் இன்றைக்கும் எழுகிற முதல் வாக்கியம் அதுதான். பெல் கோபத்தில் அவர்களை ஒதுக்கிவிட்டு, மாணவர்களில் சூட்டிகையான ஃப்ரிஸ்கனை அழைத்து, அ, ஆ வகுப்பை (அங்கே ஏ, பி, சி வகுப்பு) அவன் கையில் ஒப்படைத்தார். பையன் நடத்திக் காட்டிவிட்டான்.

பெல் லண்டனுக்குப் போய் 1797-இல் இதைப் பற்றிப் புத்தகம் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பரவியது. பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது நம் திண்ணைகளில் சட்டாம்பிள்ளை காலம் காலமாகச் செய்துவந்த வேலை. அது கப்பலேறிப் போய், கோட்டு மாட்டிக்கொண்டு, கல்வி முறையாகத் திரும்பி வந்தது. ஜோசப் லங்காஸ்டர் என்ற இங்கிலாந்துக்காரர், இது என் கண்டுபிடிப்பு என்று சண்டைக்கு வந்தார். தப்புச் செய்த பையனைக் கூடையில் உட்காரவைத்துக் கூரையிலிருந்து தொங்கவிடுவது லங்காஸ்டர் பள்ளியில் ஒரு தண்டனை. நம்மூரில் அதற்குக் கோதண்டம் என்று பெயர்; கூடை கிடையாது, கயிறு மட்டும். இரண்டு வெள்ளைக்காரர்களும் யார் முந்தி என்று சாகும்வரை அடித்துக்கொண்டார்கள். பெல்லை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ராஜாக்களுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். ஃப்ரிஸ்கனுக்கு பி.எட். பாடப்புத்தகத்தில் ஓர் அடிக்குறிப்புகூட இல்லை.

இந்தப் பழைய கதையைக் கிளறுவதற்குக் காரணம், எனக்குப் பயிற்சி கொடுத்தவனும் ஒரு பையன்தான். தொண்ணூறுகளின் நடுவில், மதுரைப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பு, ஈ பிரிவு. எட்டு வயதெல்லாம் இல்லை. மீசை அரும்பிய ஆள். ஒன்பதாம் வகுப்பில் அது அவனுக்கு மூன்றாவது வருஷம். ஆகவே இரண்டு செட் பி.எட்.காரர்களைக் கரையேற்றிய அனுபவம் அவனுக்கு இருந்தது. எங்களில் யாருக்கும் ஒரு வகுப்பு அனுபவம்கூடக் கிடையாது. வகுப்பில் அவனை எல்லாரும் 'சீனியர்' என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

சீனியரிடம் போவதற்கு முன்னால் கல்லூரியில் எங்களை மைக்ரோ டீச்சிங்கில் போட்டுப் புரட்டினார்கள். 1963-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிறந்த சரக்கு இது. சில வருஷத்தில் அலகாபாத்துக்கு வந்து, அங்கிருந்து எல்லா ஊருக்கும் பரவிவிட்டது. ஒரு பாடத்தை முழுசாக நடத்தாமல், ஒரே ஒரு திறனை மட்டும் எடுத்துக்கொண்டு ஆறு நிமிஷம் நடத்த வேண்டும். பிறகு ஆறு நிமிஷம் விமர்சனம், பன்னிரண்டு நிமிஷம் திருத்தி எழுதுதல், மறுபடி ஆறு நிமிஷம் நடத்துதல், மறுபடி ஆறு நிமிஷம் விமர்சனம். ஆக மொத்தம் 36 நிமிஷம். ஸ்டான்ஃபோர்டில் இதை வீடியோவில் பதிவு செய்து போட்டுப் பார்ப்பார்களாம். எங்கள் கல்லூரியில் வீடியோ இல்லை. அதற்குப் பதிலாகச் சக மாணவர்களின் ஞாபகசக்தி இருந்தது. அது இன்றுவரை அழியவில்லை.

மாணவர்களாக நடிப்பதும் நாங்களேதான். எங்கள் குழுவில் ஓர் அக்கா இருந்தார். அவர் மகன் நிஜமாகவே ஆறாம் வகுப்பு. மற்றவர்கள் பவ்யமாகக் கைகட்டி உட்கார்ந்திருக்க, அக்கா மட்டும் தன் மகனை அப்படியே உரித்து வைத்தார். ஆறு நிமிஷத்துக்குள் பென்சில் கீழே விழுந்தது, பக்கத்தில் இருந்தவர் கிள்ளப்பட்டார், 'டீச்சர், ஒண்ணுக்கு' என்று சுண்டுவிரல் உயர்ந்தது. அன்றைய திறன், ஊக்கமூட்டல். 'நன்று', 'மிக நன்று', 'அருமை' என்று எத்தனை முறை சொல்கிறோம் என்று பின்னால் உட்கார்ந்து ஒருவர் கோடு போட்டு எண்ணுவார். நடத்திக்கொண்டிருந்த தம்பி பதற்றத்தில் ஒண்ணுக்கு விரலுக்கும் 'மிக நன்று' என்று சொன்னார். கோடு விழுந்தது. அன்றைக்குக் குழுவிலேயே அதிக மதிப்பெண் அவருக்குத்தான்.

அக்காவை மட்டும் பேராசிரியர் தனியாகக் கூப்பிட்டு, 'கொஞ்சம் நல்ல பிள்ளையா நடிங்கம்மா' என்றார். எங்களை எப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத் தயார் செய்துகொண்டிருந்தார்கள் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

தத்துவ வகுப்பு வேறு தனியாக நடந்தது. அதில் வரும் பெரியவர்கள் எல்லாரும் தாடி வைத்தவர்கள் அல்லது விக் வைத்தவர்கள். குழந்தையை எப்படி வளர்க்க வேண்டும் என்று 1762-இல் 'எமிலி' எழுதிய ரூசோ, தன் சொந்தக் குழந்தைகள் ஐந்தையும் பிறந்ததுமே அநாதை இல்லத்துக்கு அனுப்பியவர். இதைத் தேர்வில் எழுதினால் மார்க் கிடையாது. நம்மூர்க் கதையும் இதே மாதிரிதான். சென்னை மாகாணத்துக்கென்று 1856-இல் தொடங்கிய நார்மல் ஸ்கூல் என்ற ஆசிரியர் பயிற்சிப் பள்ளிதான் பின்னால் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி ஆனது. ராதாகிருஷ்ணன் அங்கேதான் 1910-இல் பயிற்சிக்குப் போனார். நீ உட்கார்ந்து கேட்க வேண்டாம், மற்றவர்களுக்கு நீயே நடத்து என்று வகுப்பிலிருந்து அவருக்கு விலக்குக் கொடுத்ததாக அவருடைய வாழ்க்கைக் கதை சொல்கிறது. அந்த உரைகள் 1912-இல் உளவியல் புத்தகமாகவும் வந்தன. பயிற்சி வகுப்பில் உட்காராத மனிதரின் பிறந்த நாளைத்தான் 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். யாருக்கும் இதில் எதுவும் உறுத்தவில்லை.

பள்ளிக்கு வருவோம். நாங்கள் போய் இறங்கிய அன்று தலைமையாசிரியர் வரவேற்புரை ஆற்றினார். 'பத்தாம் வகுப்புப் பக்கமும் பன்னெண்டாம் வகுப்புப் பக்கமும் தலை வச்சுப் படுக்கக் கூடாது. மத்தபடி பள்ளிக்கூடம் உங்களோடது.' அவ்வளவுதான் உரை. மதியத்துக்குள் பள்ளிக்கூடம் உண்மையிலேயே எங்களுடையதாகிவிட்டது. ஆசிரியர் அறையில் ஒருத்தரையும் காணோம். பி.எட். பிள்ளைகள் எந்த மாதம் வருவார்கள் என்று கணக்குப் பார்த்து வீட்டுக்கு கான்கிரீட் போட நாள் குறித்தவர் இருந்தார். எல்.ஐ.சி. பாலிசி பிடிக்கப் போனவர் இருந்தார். இருந்த சிலரும் கால் பரீட்சைப் பேப்பர் கட்டை எங்கள் பக்கம் தள்ளிவிட்டு, 'நல்ல பயிற்சி, பண்ணிப் பாருங்க' என்றார்கள்.

எனக்கு வாய்த்த கைடு டீச்சர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த வரலாற்று ஆசிரியர். என் பாடத்திட்டத்தை வாங்கி, படிக்காமலேயே ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். ஒரு பக்கம் வெறுமையாக இருந்தது, அதிலும் போட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: 'தம்பி, கத்தாதே. இன்னும் முப்பது வருஷம் இருக்கு. தொண்டைய இப்பவே செலவழிச்சிராத.' ஒரு வருஷப் படிப்பில் எனக்குக் கிடைத்த உபதேசங்களில் இன்றும் பயன்படுவது அது ஒன்றுதான்.

வகுப்புக்குள் நுழைந்தேன். தோளில் ரெக்சின் ரோலப் போர்டு, கக்கத்தில் சார்ட்டுகள், கையில் சுட்டுகோல், பையில் கலர் சாக்பீஸ். படையெடுப்புக்குப் போகிறவன் கோலம். போர்டை எங்கே மாட்டுவது என்று சுவரைப் பார்ப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து சீனியர் எழுந்து வந்தான்.

'சார், அந்த ஜன்னலுக்கு மேல ஆணி இருக்கு. போன வருஷ சார் அடிச்சது. இங்கிட்டு இருக்கிறது முந்துன வருஷ டீச்சர் அடிச்சது, அது ஆடும். மாட்டாதீங்க.'

மாட்டிக் கொடுத்தான். சாக்பீஸை எடுத்துத் தலைப்பை எழுதக் கையைத் தூக்கியதும் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

'சார், தலைப்ப இப்ப எழுதக் கூடாது. மொதல்ல கேள்வி கேப்பீங்க. நாங்க பதில் சொல்லுவோம். கடைசியா எங்க வாய்ல இருந்து தலைப்பு வரும். அப்பத்தான் எழுதணும். இல்லேன்னா அந்தம்மா மார்க்கக் கொறைச்சிரும்.'

அந்தம்மா என்பவர் எங்கள் கல்லூரியிலிருந்து பார்வையிட வரும் பேராசிரியை. ஹெர்பார்ட்டின் ஐந்து படிகளை நான் ஒரு பருவம் முழுக்கப் படித்திருந்தேன். இத்தனை சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

இந்த ஹெர்பார்ட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். 1776-இல் பிறந்த ஜெர்மானியர். பெரிய படிப்பாளி, கான்ட் உட்கார்ந்த தத்துவ நாற்காலியில் 1809-இல் இவரை உட்காரவைத்தார்கள். ஆனால் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த அனுபவம் அவருக்கு எங்கே வந்தது? இளவயதில் சுவிட்சர்லாந்தில் ஒரு கவர்னர் வீட்டில் டியூஷன் வாத்தியாராக இருந்தபோது. பிள்ளைகள் மூன்று பேர். மூவரும் அண்ணன் தம்பிகள். மூவருக்கும் வயிறு நிறைந்திருந்தது. வெளியே ஆல்ப்ஸ் மலை. அங்கே முளைத்த யோசனைக்கு அவர் வகுத்தது நான்கு படி. அவர் செத்த பிறகு சீடர்கள் அதை ஐந்தாக்கினார்கள். அந்த ஐந்து படியும் அப்படியே இறங்கி, அறுபத்துச் சொச்சம் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த ஒன்பதாம் வகுப்பு ஈ பிரிவுக்கு வந்து சேர்ந்தது.

முதல் படி, ஆயத்தம். மாணவனுக்குத் தெரிந்ததிலிருந்து கேள்வி கேட்டு, தெரியாத பாடத்துக்கு அவனைக் கைபிடித்துக் கூட்டிவர வேண்டும். என் பாடம் பிரெஞ்சுப் புரட்சி. எழும்பூரில் பெல் கடை திறந்த அதே 1789-இல் பாரிஸில் பாஸ்டில் சிறையை உடைத்தார்களே, அதுதான். திட்டத்தில் நான் எழுதியிருந்தது இப்படி: அரிசி விலை ஏறினால் என்ன செய்வீர்கள்? எதிர்பார்க்கும் விடை: போராடுவோம். உடனே நான், 'ஆம், அப்படித்தான் பிரான்சிலும் ரொட்டிக்காக...' என்று பாலம் போட்டு அக்கரைக்குப் போய்விட வேண்டும்.

'அரிசி விலை ஏறிப்போச்சுன்னா என்ன செய்வீங்க?'

'ரேஷன் கடைக்குப் போவோம் சார்.'

'ரேஷன்லயும் அரிசி இல்லைன்னா?'

'அடுத்த வாரம் போவோம் சார்.'

'அடுத்த வாரமும் இல்லைன்னா?'

'எங்க சித்தி வீட்ல வாங்குவோம் சார்.'

'அவங்க வீட்லயும் இல்லைன்னா?'

வகுப்பு யோசித்தது. ஒருவன் எழுந்து, 'கேழ்வரகுக் களி சார்' என்றான். இன்னொருவன் மரவள்ளிக் கிழங்கு என்றான். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை, அம்மா கம்மலை அடகு வைக்கும் என்று சொன்னாள். பஞ்சத்தைச் சமாளிக்க அந்த வகுப்பில் அத்தனை வழி இருந்தது. புரட்சிக்கு மட்டும் வழியில்லை. பிரெஞ்சு ராஜா பதினாறாம் லூயி இந்த மாவட்டத்தில் பிறந்திருந்தால் பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் செத்திருப்பான்.

பின்னால் உட்கார்ந்திருந்த பேராசிரியை குறிப்பெழுதத் தொடங்கிவிட்டார். சீனியர் நிலைமையைப் பார்த்தான். எழுந்து நின்றான். 'சார், போராடுவோம் சார்' என்றான். குரலில் எந்த ஆவேசமும் இல்லை. பிறகு திரும்பி வகுப்பைப் பார்த்தான். அறுபது வாயும் ஒரே குரலில் 'போராடுவோம் சார்' என்றது. புரட்சி வெடித்தது. பேராசிரியையின் குறிப்பில் 'மாணவர் பங்கேற்பு மிகச் சிறப்பு' என்று இருந்தது.

என்னுடையதாவது தப்பித்தது. அறிவியல் எடுத்த தோழி ஒருவரின் பாடம் நொதித்தல். திட்டப்படி கேள்வி: காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? விடை: இட்லி. அங்கிருந்து மாவு, மாவிலிருந்து புளிப்பு, புளிப்பிலிருந்து நுண்ணுயிர். கல்லூரியில் வழிவழியாக வந்த திட்டம் அது. அவருக்கு முந்திய செட் கொடுத்தது, அவர்களுக்கு அதற்கும் முந்திய செட். ஏழாம் வகுப்பில் கேட்டார்.

'பழைய சோறு டீச்சர்.'

'சரி, உட்காரு. வேற யாரு?'

'பழைய சோறு டீச்சர்.'

'வேற?'

'நீத்தண்ணி டீச்சர்.'

'யாருமே இட்லி சாப்பிடலையா?'

தீபாவளிக்குச் சாப்பிட்டதாக ஒரு பையன் சொன்னான். தோழி அதைப் பிடித்துக்கொண்டார். அங்கிருந்து நொதித்தலுக்கு வந்து சேர்ந்தார். இராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறிப் புளித்த சோறு, அதாவது அன்றைய பாடமே, வகுப்பில் பாதிப் பேர் வயிற்றில் உட்கார்ந்திருந்தது. ஆனால் அது திட்டத்தில் இல்லை. திட்டத்தில் இல்லாததற்குக் கரும்பலகையில் இடமில்லை. குற்றம் தோழியுடையது அல்ல. பழைய சோறு என்று எழுதி எடுத்துப்போயிருந்தால் 'இட்லி என்று மாற்றவும்' என்று சிவப்பு மையில் திரும்பி வந்திருக்கும்.

வகுப்பு இல்லாத நேரத்தில் மற்றவர்கள் நடத்துவதைக் கவனித்து எழுத வேண்டும். அதற்கு ஃபிளாண்டர்ஸ் என்ற அமெரிக்கர் ஓர் அட்டவணை கண்டுபிடித்திருந்தார். வகுப்பில் நடப்பதையெல்லாம் பத்து வகையாகப் பிரித்து, மூன்று விநாடிக்கு ஒரு தரம் எந்த வகை நடக்கிறதோ அந்த எண்ணைக் குறித்துக்கொண்டே போக வேண்டும். நிமிஷத்துக்கு இருபது, 45 நிமிஷப் பீரியடுக்குத் தொள்ளாயிரம். இப்படி எழுதுகிறவனுக்கு வகுப்பில் என்ன நடந்தது என்று தெரிய வாய்ப்பே இல்லை. கடைசி வகை, பத்தாம் எண்: 'மௌனம் அல்லது குழப்பம்'. இரண்டுக்கும் ஒரே எண்தான். அமெரிக்காவிலும் ஒன்பதாம் வகுப்பு ஈ பிரிவு இருந்திருக்க வேண்டும்; மனிதர் பட்டு அனுபவித்துத்தான் எழுதியிருக்கிறார். வகுப்பறை நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு யாராவது பேசுகிறார்கள், அந்தப் பேச்சில் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியருடையது என்பதும் அவர் கண்டுபிடிப்பு. சீனியரைக் கேட்டிருந்தால் காசு செலவில்லாமல் சொல்லியிருப்பான்.

துணைக்கருவிகளையும் சொல்ல வேண்டும். சார்ட் வரைவது அந்தக் காலத்தில் கல்லூரி வாசலில் ஒரு குடிசைத் தொழில். நாங்கள் வரைந்தால் மார்க் வராது என்று எல்லாருக்கும் தெரியும். ஆகவே சுவர் விளம்பரம் எழுதும் ஓவியர்களிடம் கொடுப்போம். சீசனில் அவர்களுக்குத் தேர்தல் காலத்துக்கு இணையான வருமானம். நண்பர் ஒருவர் அக்பர் படம் கேட்டிருந்தார். ஓவியருக்கு அக்பரைப் பழக்கமில்லை; விஜயகாந்தைப் பல வருஷமாகப் பழக்கம். தலைப்பாகை, நகை, வாள் எல்லாம் முகலாயர். கண்ணும் மீசையும் மட்டும் மதுரை. ஏழாம் வகுப்பில் படத்தைப் பிரித்ததும் விசில் பறந்தது. அக்பரின் மதக் கொள்கையைப் பற்றி அந்த வகுப்புக் காட்டிய ஆர்வத்தை நான் பிறகு எந்த வகுப்பிலும் பார்க்கவில்லை. அந்தப் பீரியடுக்கு ஃபிளாண்டர்ஸ் எண் பத்தைத் தாண்டியிருக்கும்.

கடைசியில் கமிஷன் வந்தது. பி.எட். படித்தவர்களுக்கு அந்தச் சொல் போதும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: வெளியிலிருந்து தேர்வாளர்கள் வந்து எங்கள் வகுப்பையும் ரெக்கார்டுகளையும் பார்த்து மதிப்பெண் போடும் நாள். ஒரு ஆளுக்கு ஒரு சுமை ரெக்கார்டு. பாடத்திட்டம், கவனிப்பு, மைக்ரோ டீச்சிங், உளவியல் சோதனை, ஒரு மாணவனைப் பற்றிய தனியாய்வு, தேர்வுத்தாள் புளூபிரிண்ட், கேம்ப், ஆல்பம். மேசையில் அடுக்கினால் பின்னால் உட்கார்ந்த ஆள் தெரியமாட்டார். ரெக்கார்டுகளைத் தேர்வாளர்கள் படித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. தூக்கிப் பார்ப்பார்கள். கனம் திருப்தியாக இருந்தால் கையெழுத்து.

தனியாய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது சீனியரைத்தான். 'கற்றலில் பின்தங்கிய மாணவன்' என்ற தலைப்பில் எழுத வேண்டும் என்பது விதி. காரணங்கள், பரிகாரங்கள் என்று பக்கம் பக்கமாக இருக்க வேண்டும். அவனிடமே கேட்டேன். 'கணக்கும் இங்கிலீசும் வராது சார். மத்ததெல்லாம் வரும். இதுல பரிகாரம்னு போன தடவை சார், வீட்ல தனி அறை வேணும்னு எழுதுனாரு. எங்க வீடே ஒரு அறைதான் சார்.' முந்திய இரண்டு செட்டிலும் பின்தங்கிய மாணவன் அவன்தான். அவனை வைத்து ஆய்வு செய்தவர்கள் எல்லாரும் பாஸ். அவன் மட்டும் இன்னும் ஒன்பதாம் வகுப்பில்.

கமிஷன் அன்று காலை ஏழரை மணிக்கே வகுப்பில் சீனியர் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். எந்தக் கேள்விக்கு யார் கை தூக்குவது, யார் முதலில் தப்பாகச் சொல்வது, பிறகு யார் திருத்துவது என்று எல்லாம் பிரித்தாகிவிட்டது. எல்லாரும் சரியாகச் சொன்னால் நம்பமாட்டார்கள் என்பது அவன் கணக்கு. 'சார், மூணாங் கேள்விக்காரனுக்குக் காய்ச்சல். மாத்து ஆள் போட்டாச்சு' என்றான். தேர்வாளர்கள் சந்தேகப்பட்டுக் கடைசி நிமிஷத்தில் ஈ பிரிவுக்குப் பதிலாக டி பிரிவைக் கொடுப்பதுண்டு என்று எனக்குச் சொன்னவனும் அவனே. அதற்கும் டி பிரிவு லீடரிடம் பேசி வைத்திருந்தான். செலவு, நாலு தேன்மிட்டாய்.

வகுப்பை மாற்றவில்லை. தேர்வாளர்கள் இருவர் வந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பிரியாணி வாசம் மாடிவரை வந்துவிட்டது. அரிசி விலை ஏறியது, ஈ பிரிவு போராடியது, தலைப்பு அவர்கள் வாயிலிருந்து வந்தது, நான் எழுதினேன். ஒரு தேர்வாளர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, சும்மா இருக்காமல் முன்வரிசைப் பையன் ஒருவனை எழுப்பி, 'பதினாறாம் லூயியை ஏன் கொன்றார்கள்?' என்று கேட்டார்.

லூயியின் தலை 1793-இல் போனது. என் அன்றைய திட்டத்தில் புரட்சிக்கான காரணங்கள் மட்டும்தான் இருந்தன. பையன் பதறவில்லை.

'அது நாளைக்கு வர்ற பாடம் சார். இந்த சாருக்கு இன்னைக்கு வரைக்கும்தான்.'

தேர்வாளர் ஒரு கணம் அவனைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். இருவரும் சாப்பிடப் போய்விட்டார்கள். எனக்கு நல்ல மதிப்பெண் வந்தது.

பிரிவு விழாவை நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாப் பள்ளியிலும் ஒரே மாதிரிதான்: மிக்சர், லட்டு, ஆட்டோகிராஃப் நோட்டு, அழுகை. அழுதவர்கள் பெரும்பாலும் நாங்கள். பிள்ளைகளுக்கு இது வருஷா வருஷம் வரும் திருவிழா.

இப்போது பி.எட். இரண்டு வருஷம் ஆகிவிட்டது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் விதிகளை மாற்றியது. 2015 முதல் நடைமுறை. இரண்டாம் வருஷத்தில் 16 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். அதற்கு இன்டர்ன்ஷிப் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ரோலப் போர்டுக்குப் பக்கத்தில் புரொஜெக்டர் வந்திருக்கிறது. சார்ட்டுகளைக் கணினியில் அச்சடிக்கிறார்கள். ரெக்கார்டு மட்டும் இன்னும் கையால்தான் எழுத வேண்டும் என்று இப்போது படிக்கிற பிள்ளைகள் புலம்புகிறார்கள்.

சம்பந்தப்பட்டவர்களுக்கு ஒரு கோரிக்கை. விதிகளை அடுத்த முறை திருத்தும்போது, கமிஷனில் ஒரு நாற்காலியை ஒன்பதாம் வகுப்பு மாணவனுக்கோ மாணவிக்கோ ஒதுக்குங்கள். நடத்துகிறவருக்குப் பாடம் தெரியுமா, பிள்ளைகள் சொல்வது காதில் விழுகிறதா என்று மூன்றே நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். ரெக்கார்டைத் தூக்கிப் பார்க்கத் தேவையிருக்காது. பயணப்படி கேட்கமாட்டார்கள். பிரியாணியும் வேண்டாம், கூடுதலாக ஒரு பி.டி. பீரியட் கொடுத்தால் போதும்.